நானூத்திப் பன்னெண்டு தலைகள்

அந்தப் போனை எடுக்காதீங்கண்ணே. அது லோன் வேணுமான்னு கேக்கிற பிள்ளை. நம்பர் ஆரம்பிக்கிற தினுசைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். சாத்தூர்ல பஸ் ஏறுனதுலேர்ந்து மூணாவது தடவை அடிக்குது, நானும் பார்த்துக்கிட்டுத்தான் வர்றேன். அந்தப் பிள்ளையைத் திட்டாதீங்க, பாவம். ஒரு லிஸ்டைக் கையில குடுத்து, சாயங்காலத்துக்குள்ள முடின்னு உக்கார வச்சிருப்பாங்க. உங்க நம்பர் அதுல எப்படி வந்துச்சுன்னு யோசிக்கிறீங்களா? துணிக்கடையில பில் போடும்போது நம்பர் சொல்லுங்க சார்னா சொல்லியிருப்பீங்க. பெட்ரோல் பங்க்குல குலுக்கல் சீட்டு எழுதிப் பெட்டியில போட்டிருப்பீங்க. கார் விழும்னு நெனச்சிருப்பீங்க. கார் விழுகாதுண்ணே. லிஸ்டுதான் விழும்.

எப்படித் தெரியும்னா, நானும் அந்தத் தொழில்தான். பேரு சோணைமுத்து. மதுரை சிம்மக்கல்லுல சோனா அட்வர்டைசிங்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. முப்பத்தோரு வருஷம். பேப்பருக்குள்ள நோட்டீஸ் வைக்கிறதுல ஆரம்பிச்சு, செவுத்துல எழுதி, ஆட்டோ முதுகுல தட்டி கட்டி, இப்ப போனுல மெசேஜ் அனுப்புறது வரைக்கும் பூராம் பார்த்தாச்சு. ஒருத்தர் சொத்தை நான் எடுத்ததில்ல. ஒருத்தரைக் கைநீட்டி அடிச்சதில்ல. ஆனா மூணு மாசமா எனக்கும் நான் பெத்த மகளுக்கும் பேச்சு சரியில்லண்ணே. நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க. மதுரை போய்ச் சேர நேரம் கெடக்கு.

மகுடம் ஹேர் சென்டர்னு ஒண்ணு இருக்கு. முடி இல்லாதவங்களுக்கு முடி வைக்கிற எடம். விக்குன்னு சொல்லக் கூடாது, முதலாளி பாக்கியநாதனுக்குக் கோவம் வந்துரும். பேட்ச்சுன்னு சொல்லணும். கீழ செருப்புக்கடை, மேல இவரு. போர்டு கெடையாது. வர்றவங்க செருப்பு வாங்குற மாதிரி உள்ள நுழைஞ்சு, பின்னாடி படியேறி மேல போயிருவாங்க. காலுக்கு வாங்க வந்த மாதிரி வந்து தலைக்கு வாங்கிட்டுப் போறாங்க. உள்ள தடுப்பு தடுப்பா அறை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்க முடியாது.

பாக்கியநாதன் என்னையக் கூப்பிட்டு வருத்தப்பட்டாரு. "சோணை, வேலை சுத்தமா இருக்கு, ஆனா கூட்டம் வர மாட்டேங்குது"ன்னாரு. வருமா? ஒரு தொழில் வளரணும்னா திருப்தியான கஸ்டமர் நாலு பேருகிட்டச் சொல்லணும். இவருகிட்ட திருப்தியான கஸ்டமர் வாயே திறக்க மாட்டாரு. எம்புட்டு திருப்தியோ அம்புட்டு ஊமை.

நான் சொன்னேன், "அண்ணாச்சி, பழைய கஸ்டமர் லிஸ்டைக் குடுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்"னு. அவரு, "அய்யய்யோ, அதை மட்டும் கேக்காத"ன்னுட்டாரு. அவருகிட்ட ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு வேலை பார்க்குது. கம்ப்யூட்டரு, போனு எல்லாம் அதுதான். அது என்னைய ஒரு மாதிரிப் பார்த்துச்சு. "சார், வீட்டுல பொண்டாட்டிக்கிட்டச் சொல்லாததை எங்ககிட்டச் சொல்லிட்டுப் போறாங்க. அதை எடுத்து வெளிய குடுக்கிறதா?"ன்னுச்சு. சின்னப் பொண்ணு, தொழில் தெரியாதுல்ல. நான் சிரிச்சுக்கிட்டேன்.

அது சாப்பிடப் போன நேரத்துல அண்ணாச்சியைப் பிடிச்சேன். "எத்தனை பேருன்னு எண்ண மட்டும்தான்"னு சொல்லி பென் டிரைவ்ல ஏத்திக்கிட்டேன். திருட்டுன்னு சொல்லுவீங்களா இதை? அங்க இருந்தது அங்கயேதான் இருக்கு. இங்கயும் ஒண்ணு இருக்கு. அம்புட்டுதான். உங்க சைக்கிளை நான் எடுத்தா உங்களுக்குச் சைக்கிள் இல்ல. உங்க பேரை நான் எடுத்தா உங்களுக்குப் பேரு இல்லாமப் போயிருமா?

நானூத்திப் பன்னெண்டு பேரு. பேரு, அட்ரஸ், முடி வச்ச தேதி, தலை அளவு. தலை அளவெல்லாம் எனக்கு எதுக்கு, நான் தொடவே இல்ல. தேதியைப் பார்த்ததும்தான் எனக்கு யோசனை வந்துச்சு. பொறந்தநாள்! மனுசனுக்குப் பொறந்தநாள் வாழ்த்து எல்லாக் கடையும் அனுப்புது. முடிக்கு யாரு அனுப்புனா? யாருமே அனுப்பலண்ணே, இந்த நாட்டுலயே.

போஸ்ட் கார்டு அடிச்சேன். மெசேஜ் அனுப்பலாம், ஆனா மெசேஜை ஒரு ஆளுதான் பார்ப்பாரு. கார்டுன்னா போஸ்ட்மேன் படிப்பாரு, பக்கத்து வீடு படிக்கும், வீட்டுல அம்புட்டுப் பேரும் படிப்பாங்க. ஒரு கார்டு, ஏழு பேரு. எங்க தொழில்ல அதுக்குத்தான் மரியாதை. மஞ்சக் கலர்ல ஒரு தலை, தலைமேல கிரீடம். கீழ, "அன்புள்ள இன்னாருக்கு, உங்கள் தலைமுடிக்கு இன்று இரண்டாம் பிறந்தநாள்! மகுடம் குடும்பத்தின் மனமார்ந்த வாழ்த்துகள். உங்களைப் போன்ற நண்பர் ஒருவரை அழைத்து வந்தால் இருவருக்கும் சர்வீஸ் இலவசம்." சிலருக்கு இரண்டாம், சிலருக்கு ஐந்தாம். பதினொண்ணாம் பிறந்தநாள்கூட ஒருத்தருக்கு இருந்துச்சு. இன்றுன்னு போட்டேனே ஒழிய அம்புட்டையும் ஒரே நாளுலதான் தபால்ல சேர்த்தேன். அண்ணாச்சிகிட்ட காட்டலையான்னு கேக்குறீங்க. திடீர்னு கூட்டம் வந்து நின்னா சந்தோசப்படுவாருன்னு விட்டுட்டேன்.

கூட்டம் வரல. போன்தான் வந்துச்சு.

தேனியில ரிட்டயர்டு போலீஸ்காரரு ஒருத்தரு, பேரு வேணாம், பரமானந்தம்னு, அவரு சம்சாரம் கார்டைக் கையில வச்சுக்கிட்டு "பதினொரு வருஷமா?"ன்னு ஒரே கேள்வியாக் கேட்டுச்சாம். மேலூர்ல ஒருத்தரு வீட்டுல மச்சினன்மாரு கேக் வாங்கிட்டு வந்து வெட்டியிருக்காங்க, முடிக்கு! இலவசம்னு போட்டதைப் பார்த்துட்டு ஒரு ஆபீஸ்ல பத்துப் பேரு ஒரு குமாஸ்தாவைச் சுத்தி நின்னு, "எங்களையும் கூட்டிட்டுப் போங்கண்ணே"ன்னிருக்காங்க. நானூத்திப் பன்னெண்டுல ஒரு வக்கீலும் இருந்தாரு. அந்தப் பேரை மட்டும் பார்த்து எடுத்திருக்கணும் நான். நாலாம் நாளே நோட்டீஸ் அனுப்பிட்டாரு.

பாக்கியநாதன் என்னையக் கூப்பிட்டு அனுப்புனாரு. திட்டக்கூட இல்லண்ணே. கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தாரு. ஸ்டெல்லாதான் ஒவ்வொரு போனா எடுத்து, "மன்னிச்சுக்கங்க சார், எங்க தப்புதான் சார்"னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. தொண்டை கட்டிப் போச்சு அந்தப் பொண்ணுக்கு. நான் போனதும் ஒரு போனை வச்சுட்டு என்கிட்ட ஒண்ணு சொல்லுச்சு. ஒரு அம்மா. உடம்புக்குப் பெரிய வைத்தியம் பார்த்ததுல முடி கொட்டிருச்சு. அவங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். எட்டு வயசுல ஒரு மக. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லைங்கிறதே அதுக்குச் சொல்லல. அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டி, சத்தம் போட்டுக் கார்டைப் படிச்சிருக்கு. படிச்சுட்டு, "அம்மா, கழட்டிக் காட்டு"ன்னிருக்கு.

அந்த அம்மா பேரு, ஊரு எதையும் நான் யாருகிட்டயும் சொல்றதில்ல. சரி, விடுங்க.

நானும் சும்மா இருக்கலண்ணே. பரிகாரம் யோசிச்சேன். நானூத்திப் பன்னெண்டு பேருக்கும் இன்னொரு கார்டு போடுவோம்: "முன்பு அனுப்பிய அட்டை தவறுதலாக வந்தது. உங்கள் தலையில் இருப்பது உங்கள் சொந்த முடியே என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." டிசைன்கூடப் போட்டுட்டேன். பாக்கியநாதன் அதை வாங்கி, நாலாக் கிழிச்சு, என் சட்டைப் பையிலயே வச்சு அனுப்பிட்டாரு. ஸ்டெல்லா என்கூடவே ஆபீஸ் வந்து, நின்னு, லிஸ்டை அழிக்க வச்சுச்சு. "வேற எங்கயும் காப்பி இருக்கா?"ன்னு கேட்டுச்சு. இல்லன்னேன். மெயில்ல ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு அதையும் நானே அழிச்சுட்டேன். ரெண்டு நாள் தூக்கம் வரல, அதான்.

ஸ்டெல்லா வந்து லிஸ்டை அழிக்க வச்ச அன்னைக்குச் சாயங்காலம்தான் சாத்தூர்லேர்ந்து என் மக சுகந்தி போன் பண்ணுனா.

"அப்பா, மகுடம் ஹேர் சென்டர்னு ஒரு கார்டு. அடியில பொடி எழுத்துல சோனா அட்வர்டைசிங்னு போட்டிருக்கு. நீங்கதானே?"

எனக்கு என்ன சந்தோசம்ங்கிறீங்க! "ஆமா தாயி! சாத்தூர் வரைக்கும் வந்துருச்சா? கலர் எப்படி இருக்கு?"ன்னேன்.

போன் கட்டாயிருச்சோன்னு "ஹலோ, ஹலோ"ங்கிறேன். அப்புறம் மெதுவா, "எஸ். குமார்னு யாருக்கு அனுப்புனீங்கன்னு தெரியுமாப்பா?"ன்னா.

உங்ககிட்டச் சொல்றதுல என்ன இருக்கு, யாருகிட்டயும் சொல்லிராதீங்க. என் மாப்பிள்ளை பேரு சந்தனக்குமார். சாத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரு. எங்க போனாலும் தொப்பி போட்டிருப்பாரு. கிரவுண்டுல நிக்கிற மனுசன், வெயிலுக்குப் போடுறாருன்னு நான் நெனச்சேன். மகுடத்துல அரைப் பேரைக் குடுத்து, வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு பள்ளிக்கூட அட்ரஸைக் குடுத்திருக்காரு. நானூறு பேரை உக்காந்து யாருண்ணே படிக்கிறது? மிஷின் ஒட்டுது, தபால்ல போகுது.

கார்டு பள்ளிக்கூட ஆபீசுக்குப் போயி, அங்கேருந்து வாத்தியாருங்க ரூமுக்குப் போயி, ஒம்பதாம் கிளாஸ் வரைக்கும் போயிருச்சு. மறுநாள் பிரேயர்ல இவரு விசில் ஊதுனதும் பின் வரிசையில ஒரு கூட்டமே தலையில கைய வச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சாம், காத்துல பறந்துராம. அவரு விசிலைக் கழட்டி மேசையில வச்சுட்டு லீவு சொல்லிட்டு வந்துட்டாரு. வேலையை விட்டுர்றேன்னு எழுதியும் வச்சுட்டாரு.

"அவருக்கு முடி இல்லைங்கிறது உனக்கும் இப்பத்தான் தெரியுமா தாயி?"ன்னு கேட்டேன்.

"கல்யாணமான மூணாம் மாசமே தெரியும். அவரா என்னைக்குச் சொல்றாரோ சொல்லட்டும்னு இருந்தேன். நாலு வருஷம். எனக்குத் தெரியும்ங்கிறது அவருக்குத் தெரியாது. அப்படியே நல்லாத்தான்ப்பா இருந்தோம்"னா. வச்சுட்டா.

எனக்கு இதுதாண்ணே புரியல. தெரிஞ்ச விஷயத்தை ஒரே வீட்டுக்குள்ள நாலு வருஷம் தெரியாத மாதிரி வச்சுக்க என்ன அவசியம்? நான் ஒரு கார்டு போட்டு முடிச்சு வச்சேன். அதுக்கு நன்றி இல்ல.

இருந்தாலும் மாப்பிள்ளை ஆச்சே. கிளம்பிப் போனேன். வெறுங்கையோட போகக் கூடாதேன்னு பஸ் ஸ்டாண்டுல காராச்சேவு வாங்கிட்டுப் போனேன். சேவுக்குப் பேர்போன சாத்தூருக்கே சேவு வாங்கிட்டுப் போன ஒரே ஆளு நான்தான், சுகந்தி அதைப் பார்த்துட்டுப் பிரிக்காம அப்படியே வச்சுட்டா. அவரு ரூமுக்குள்ள இருந்தாரு. கதவு சாத்தியிருந்துச்சு. நான் வெளிய சேர் போட்டு உக்காந்தேன்.

"மாப்ள, மன்னிச்சிருங்க. நீங்கன்னு தெரிஞ்சிருந்தா உங்களை மட்டும் விட்டிருப்பேன்"னேன்.

உள்ளேருந்து, "மாமா, லிஸ்டுல மொத்தம் எத்தனை பேரு?"ன்னாரு.

"நானூத்திப் பன்னெண்டு மாப்ள."

"மத்த நானூத்திப் பதினோரு பேருகிட்டயும் மன்னிப்புக் கேட்டீங்களா?"

"அவங்க என்ன என் மாப்பிள்ளையா?"ன்னேன். ஞாயமான கேள்விதானே? அடுப்படியில சுகந்தி ஒரு பாத்திரத்தை டங்குன்னு வச்சா. அது எனக்குத்தான்னு புரிஞ்சுச்சு.

ரெண்டு நாள் அங்கயே கெடந்தேன். திங்கக்கெழமை காலையில கதவு திறந்துச்சுண்ணே. மாப்பிள்ளை வந்து நிக்கிறாரு. டிராக் பேண்ட், ஷூவு, கழுத்துல விசிலு. தொப்பி இல்ல. முடியும் இல்ல. எண்ணெய் தேச்ச பித்தளைச் செம்பு மாதிரி ஒரு தலை. சுகந்தி காப்பியோட வந்தவ அப்படியே நின்னுட்டா. அவரு அவளைப் பார்த்து, "எப்பலேர்ந்து தெரியும்?"ன்னாரு. "மூணாம் மாசம்"னா. "எப்படி?"ன்னாரு. "தலகாணி உறையில பசை ஒட்டியிருந்துச்சு. நான்தான துவைக்கிறேன்"னா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. சிரிச்சாங்களா அழுதாங்களா, எனக்குச் சரியாத் தெரியல. நான் குறுக்க நின்னேன்னு சுகந்தி, "அப்பா, கொஞ்சம் வெளிய போங்க"ன்னுட்டா.

பள்ளிக்கூடத்துக்கு நானும் பின்னாடியே போனேன், கேட்டுக்கு வெளிய நின்னேன். கிரவுண்டுல அம்புட்டுப் பேரும் வரிசையா நிக்கிறாங்க. இவரு நடுவுல போயி நின்னாரு. ஒரு சத்தம் இல்ல. விசிலை எடுத்து ஊதி, "ரெண்டு ரவுண்டு!"ன்னாரு. ஒருத்தன் மட்டும் கூட்டத்துலேர்ந்து, "சார், நல்லாருக்கு சார்!"ன்னான்.

"மூணு ரவுண்டு!"ன்னாரு.

ஓடுனாங்க பாருங்க! அவரும் கூடவே ஓடுனாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வேலையை விடுறேன்னு எழுதுனதை அன்னைக்கே கிழிச்சுப் போட்டாரு. அவரு ஓடிக்கிட்டிருக்கும்போதுதான், வெயிலு அவரு தலையில பட்டு மின்னுச்சு. கை தானாப் போச்சுண்ணே போனுக்கு. ஒரு போட்டோ எடுத்துட்டேன். பின்னாடிலேர்ந்துதான். முகமே இல்ல.

எனக்கு மதுரையில ஹெல்மெட் கடை ஒண்ணு கிராக்கி. ரொம்ப நாளா ஒரு ஃப்ளெக்ஸ் கேட்டுக்கிட்டே இருந்தாரு. மூணு மாசமா போனுலயே கெடந்த அந்தத் தலையை முந்தாநாள்தான் பெருசாப் போட்டு, பக்கத்துல ஹெல்மெட்டைப் போட்டு, "இயற்கை கைவிட்டாலும் நாங்கள் கைவிட மாட்டோம்"னு எழுதுனேன். எப்படி? நல்லாருக்குல்ல? தலையை மட்டும் பார்த்து யாரு கண்டுபிடிப்பா? சந்தோசத்துல முதல் ஆளா சுகந்திக்குத்தான் வாட்ஸப்புல அனுப்புனேன். இந்தத் தடவை குடும்பத்துக்கே பெருமை பாருன்னு.

உடனே போன். "அப்பா, இது யாரு தலை?"

"மாப்பிள்ளை தலைதான். முகம் தெரியாதுல்ல?"

"அவருகிட்டக் கேட்டீங்களா?"

"எதை?"

"படத்தைப் போடலாமான்னு."

முப்பத்தோரு வருஷத்துல என்கிட்ட இந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லண்ணே. படம் தெளிவா இருக்கான்னு கேப்பாங்க. எழுத்துப் பெருசா இருக்கான்னு கேப்பாங்க. "இல்ல தாயி, கேக்கல"ன்னேன். "அப்ப நேர்ல வந்து கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் என்கிட்டப் பேசுங்க"ன்னா. கடைக்காரர்கிட்ட ஒரு நாள் பொறுங்கன்னு சொல்லிட்டு நேத்துச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். நேத்து எனக்கு வாய் வரல. இன்னைக்குக் காலையில அவரு சாப்பிட உக்காரும்போதுதான் ஆரம்பிச்சேன்.

"மாப்ள, ஒண்ணு கேக்கணும்."

அவரு கையில இட்லியோட நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாரு. கார்டு வந்ததுக்கு அப்புறம் இப்பத்தான் நேராப் பார்க்குறாரு. "கேளுங்க மாமா"ன்னாரு. ஊரு பூரா கத்திக் கத்தி விக்கிற ஆளு நான், ஒரு மனுசன்கிட்ட ஒரு கேள்வி கேக்க வேர்த்து ஒழுகுது. "உங்க தலையை... ஒரு ஹெல்மெட் ஃப்ளெக்ஸுல... முகம் தெரியாது... போட்டுக்கலாங்களா?"ன்னு கேட்டேன். போனையும் காட்டுனேன்.

நல்லா உத்துப் பார்த்தாரு. கோவிப்பாருன்னு நெனச்சேன். கோவிக்கல.

"வேணாம் மாமா"ன்னாரு. "கேட்டதுக்கு சந்தோசம்."

அம்புட்டுதான். அவங்க ரெண்டு பேரும் பார்க்க அங்கயே அழிச்சேன். சுகந்தி என் தட்டுல இன்னும் ரெண்டு இட்லி வச்சா, நான் கேக்காமலே. நல்லாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா அந்த ஃப்ளெக்ஸு, சொந்த மாப்பிள்ளை தலைன்னு சொல்லல, முப்பத்தோரு வருஷத்துல நான் போட்டதுலயே அதான் நல்ல டிசைனு. அது போயே போச்சு. கடைக்காரர்கிட்ட இப்பத்தான் சொன்னேன், பஸ் ஏறுறதுக்கு முன்னாடி. வேற ஆளு தலையைப் போடுங்கிறாரு. வேற தலைக்கு எங்க போக? யாருகிட்டப் போய் நின்னாலும் இனிமே முதல்ல கேக்கணும். சுகந்தி சத்தியம் வாங்கிட்டா.

அதாண்ணே யோசிச்சுக்கிட்டே வர்றேன். கேட்டா வேணாம்னு சொல்லிர்றாங்க. முப்பத்தோரு வருஷமா நான் ஏன் யாருகிட்டயும் கேக்காம இருந்தேன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது.